சேமநிதி அட்டவணையைக் காதால் படிக்க முடியுமா?

ஜெலுபு, தம்பின், போர்ட்டிக்சன் என நெகிரி செம்பிலான் தோட்டப்புறம் எதுவானாலும், சம்பளச் சீட்டில் சரிபார்க்க வேண்டிய கணக்குகளில் ஒன்று சேமநிதிப் பிடித்தம். அதற்கு அளவுகோல், 1991ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை. 60 வயதுக்குட்பட்ட மலேசியர் 1,700 வெள்ளி சம்பளம் பெற்றால் முதலாளி பங்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. மொத்தம் 408.

கண்ணால் பார்ப்பவர் வரிசையில் விரலை ஓட்டி, மேலே உள்ள தலைப்பையும் பார்த்துக்கொள்வார். பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் மென்பொருள் ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டுகிறது. அகப்பக்கத்தில் அட்டவணை சரியாக அமையாவிட்டால் அவர் காதில் விழுவது "221, 187, 408" மட்டுமே. எது தம் சம்பளத்திலிருந்து போகிறது என்று தெரியாமல், சம்பளச் சீட்டை இன்னொருவரிடம் காட்டிக் கேட்க வேண்டிவரும்.

இத்தகைய அட்டவணைகளை வெளியிடும் சங்கங்களும் பள்ளிகளும் கவனிக்க வேண்டியவை:

• தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. எச்டிஎம்எல் மொழியில் தலைப்புக் கட்டத்துக்கு 'டிஎச்', மற்றவற்றுக்கு 'டிடி' குறி இட வேண்டும். தலைப்பு நெடுவரிசைக்கா, கிடைவரிசைக்கா என்பதை 'ஸ்கோப்' சொல்லும். அப்போது மென்பொருள் "தொழிலாளி பங்கு, 187" என்று படிக்கும்.

• ஒரு தலைப்பின்கீழ் பல தலைப்புகள் வந்தால் குழப்பம் கூடும். "1,680.01 முதல் 1,700 வரை" என்பதை ஒரே கட்டத்தில் எழுதி, அதையே வரிசைத் தலைப்பாக்கலாம்.

• அட்டவணை எதைப் பற்றியது என்பதை 'கேப்ஷன்' குறியில் எழுத வேண்டும்.

• நீண்ட அட்டவணையைச் சம்பள அளவுப்படி பிரிக்க வேண்டும். கைப்பேசியில் படிக்கும் முதியவருக்கும் இது உதவும்.

• படமாக ஒட்டக்கூடாது. படத்திலுள்ள கட்டங்களைத் திரைவாசிப்பான் வரிசை வரிசையாகப் படிக்காது.

சோதிப்பதற்குச் செலவில்லை. 'என்விடிஏ' என்ற திரைவாசிப்பான் இலவசம். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் கட்டமாக நகரலாம். திரையைப் பார்க்காமல் 1,700 வெள்ளிக்கான தொழிலாளி பங்கைக் கண்டுபிடிக்க முடிந்தால் அட்டவணை சரி.

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டத்தின் 30ஆம் பிரிவு, தகவலையும் தகவல் தொழில்நுட்பத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையை அவர்களுக்கு அளிக்கிறது. தம் சம்பளக் கணக்கைத் தாமே சரிபார்ப்பதும் அந்த உரிமையில் அடங்கியதே.