பூக்கட்டும் வாழைநார் சேலையானது எப்படி? அனகாபுத்தூர் தறிகள் கற்றுத்தரும் பாடம்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நடந்தால் பூக்கடையும் சேலைக்கடையும் மாறி மாறி வரும். பூக்கடையில் மல்லிகைச் சரம் தொடுக்கும் வாழைநாரை நம் பாட்டிமார் காலத்திலிருந்தே அறிவோம். தோட்டப்புற வீடுகளில் வாழை மட்டையைக் கிழித்துக் காயவைத்து, கோயில் மாலைக்கு நார் எடுத்தவர்கள் பலர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால், அதே நார் இன்று சேலைக்கடைக்கும் வந்துவிட்டது. கடைகளிலும் இணைய விற்பனையிலும் 'வாழைநார்ச் சேலை', 'பனானா சில்க்' என்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன.

பூக்கட்டும் நார் எப்படிச் சேலையாகும்? அப்படி நெய்பவர்கள் யார்? நாம் கொடுக்கும் ரிங்கிட்டுக்கு உண்மையிலேயே வாழைநார்தான் கிடைக்கிறதா? தீபாவளிக்கோ திருமணத்திற்கோ சேலை எடுக்கப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகள் இவை.

நம் கைலியில் தொடங்கும் கதை

இந்தக் கதை நம் வீட்டுக் கொடியில் காயும் கைலியிலிருந்தே தொடங்குகிறது. மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியைக் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். 'பெலிக்காட்' என்பது சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு என்ற ஊரின் பெயர். ஆங்கிலேயர் அதைப் 'புலிக்காட்' என்று எழுதினர். 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்களின் முக்கிய வணிகத் தளமாக இருந்த அந்தத் துறைமுகத்திலிருந்து சோழமண்டலக் கரையின் துணிகள் கப்பலேறித் தென்கிழக்காசியாவுக்கு வந்தன. தமிழ்நாட்டுத் தறியில் பிறந்த கட்டம் இப்படித்தான் மலாய் உடையின் பகுதியானது.

அதே கரையிலிருந்து இன்னொரு கட்டத்துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. வணிக உலகில் அதற்கு 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்று பெயர். நைஜீரியாவின் நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் அதை 'இஞ்சிரி' என்று அழைத்துத் தங்கள் குடும்பச் சடங்குகளில் பயன்படுத்தினர். அவர்களின் பெண்கள் அந்தத் துணியை அப்படியே கட்டிக்கொள்வதோடு நிற்கவில்லை. கூர்மையான கத்தியால் குறிப்பிட்ட இழைகளை வெட்டி உருவியெடுத்து, வலை போன்ற புதிய வேலைப்பாட்டை உண்டாக்கினர். அதற்குப் 'பெலெத்தே பித்தே' என்று பெயர். நெய்து முடிந்த துணியிலும் இழையை நீக்கிப் புதிய அமைப்பைக் கொண்டுவரலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

சந்தை மூடியது, நூல் மாறியது

அந்த மெட்ராஸ் கட்டத்துணியை நெய்த ஊர்களில் ஒன்று அனகாபுத்தூர். சென்னை விமான நிலையத்துக்கு அருகில், அடையாற்றங்கரையில் உள்ளது. இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. 1970களில் நைஜீரியா துணி இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, அந்த ஒரே சந்தையை நம்பியிருந்த நெசவாளர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. தறிகள் குறைந்தன, பலர் வேறு வேலைக்குப் போனார்கள்.

எஞ்சியவர்களில் சிலர் பிற்காலத்தில் ஒரு சோதனையில் இறங்கினார்கள். கையில் இருந்த தறி அதேதான். நெய்யத் தெரிந்த கையும் அதேதான். மாற்றியது நூலை மட்டும். பருத்தியோடு சணலைச் சேர்த்துப் பார்த்தார்கள். பிறகு வாழைநார், அன்னாசி இலை நார், கற்றாழை நார், மூங்கில் நார் என்று முயற்சி விரிந்தது. 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு நெய்த ஒரு சேலை இந்தியாவின் 'லிம்கா' சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது.

சாதனை என்பதைவிட, ஊர் பிழைக்க எடுத்த முயற்சி என்றே இதைப் பார்க்க வேண்டும். விசைத்தறியோடு விலையில் போட்டியிட்டுக் கைத்தறி வெல்ல முடியாது. விசைத்தறி வேகமாக ஓட, ஒரே சீரான, அறுந்து போகாத நூல் வேண்டும். முடிச்சும் முரட்டுத்தனமும் உள்ள நாரைப் பொறுமையாக நெய்யக் கைதான் வேண்டும். அந்த இடத்தில்தான் கைத்தறிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

வாழை மட்டை நூலாகும் விதம்

வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். குலையை வெட்டிய பின் தண்டு வீணாகிறது. அந்தத் தண்டு உண்மையில் ஒன்றையொன்று சுற்றிய மட்டைகளின் அடுக்கு. அவற்றைத் தனித்தனியாக உரித்து, சதையை வழித்தெடுத்தால் நார் கிடைக்கும். கத்தியால் கையாலேயே வழிப்பது ஒரு முறை. சிறு இயந்திரத்தில் கொடுத்து எடுப்பது இன்னொரு முறை. வெளி மட்டையின் நார் முரடாகவும், உள் மட்டையின் நார் மெல்லியதாகவும் பளபளப்பாகவும் இருக்கும்.

பருத்தியைப் போல வாழைநாரை எளிதில் மென்மையாக்க முடியாது. அதில் லிக்னின் என்ற, மரத்தை மரமாக நிறுத்தும் பொருள் கலந்திருப்பதால் விறைப்பு அதிகம். ஒரு நாரின் நீளமும் மட்டையின் நீளத்துக்கு மேல் போகாது. எனவே நாரை மெல்லியதாகப் பிரித்து, நுனியோடு நுனி முடிந்து நீட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு சேலைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழும். நெசவுக்கு முந்தைய இந்த வேலையில்தான் பெரும்பகுதி நேரம் போகிறது.

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூலுக்குப் 'பாவு' என்று பெயர். குறுக்கே நாடாவில் ஓடும் நூல் 'ஊடை'. பாவு நெசவு முடியும்வரை இழுவையைத் தாங்க வேண்டும். அதனால் பெரும்பாலும் பருத்தியையோ பட்டையோ பாவாகக் கட்டி, வாழைநாரை ஊடையாக ஓட்டுகிறார்கள். காய்ந்த நார் ஒடியும். ஈரம் பட்டால் வளையும். ஆகவே நாரை ஈரப்பதத்தோடு வைத்து நெய்வதும் முக்கியம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடைப் பாயிலும் இதே முறைதான்: பருத்திப் பாவு, ஊறவைத்துக் கீறிய கோரை ஊடை.

தொட்டுப் பார்த்தால் தெரியும் நுட்பங்கள்

துணியின் அழகை நாம் பெரும்பாலும் நிறத்திலும் ஜரிகையிலும் தேடுகிறோம். தடவிப் பார்த்தால் தெரியும் மேடு பள்ளத்துக்கும் தனி நுட்பங்கள் உண்டு.

நூலின் பருமன்: தடித்த நூலும் மெல்லிய நூலும் மாறி மாறி வந்தால் துணியில் வரி எழும்பும். கையால் நூற்ற நூலில் இந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே இருக்கும்.

முறுக்கு: அளவுக்கு மீறி முறுக்கிய நூலை நெய்து நனைத்தால், அது சுருண்டு துணியை நொய்ய மணல் போல ஆக்கும். 'கிரேப்' துணி இப்படித்தான் உருவாகிறது.

இழுவை: பாவில் சில வரிகளை இறுக்கமாகவும் சில வரிகளைத் தளர்வாகவும் கட்டினால், தளர்ந்த வரிகள் கொப்பளித்து நிற்கும். இதுவே 'சீர்சக்கர்'. பாலும் சர்க்கரையும் என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

இடைவெளி: பாவு நூல்கள் நுழையும் சீப்பு போன்ற அச்சில் சில பற்களைக் காலியாக விட்டால், துணியில் காற்றோட்டமான சாளரக் கோடுகள் விழும்.

மிதி: மிதிகளை அழுத்தும் வரிசையை மாற்றினால் சதுரக் குழிகள் உள்ள தேன்கூட்டு நெசவு கிடைக்கும். குழிகள் தண்ணீரை நன்றாக உறிஞ்சும் என்பதால் துண்டுகளுக்கு இது ஏற்றது.

கலப்பு: இருவகை நூலைச் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. திருமணத்தில் நாம் சொல்லும் கூறைப் புடவையோடு பெயரால் இணைந்த ஊர் மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாடு. பட்டும் பருத்தியும் கலந்து நெய்த சேலைக்கு அவ்வூர் பெயர் பெற்றது.

அண்டை நாடுகள் காட்டும் வழி

வாழைக் குடும்ப நாரை மதிப்புமிக்க துணியாக்கிய ஊர்கள் ஆசியாவில் வேறும் உண்டு. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் நெய்யும் 'பஷோஃபு' வாழைநார்த் துணி. ஓர் உடைக்கான துணிக்குச் சுமார் 200 வாழைகள் தேவைப்படும் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் சிதைந்துபோன அக்கலையைக் கிஜோக்கா என்ற சிற்றூரில் மீட்டெடுத்தவர் தைரா தொஷிகோ. 2000ஆம் ஆண்டில் ஜப்பான் அவரை 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்று சிறப்பித்தது. பிலிப்பீன்சின் தெபோலி இனப் பெண்கள் வாழையின் உறவான அபாக்கா நாரில் 'தினாலாக்' நெய்கிறார்கள். அதே நாட்டின் அக்லான் மாநில அன்னாசிநார் நெசவை யுனெஸ்கோ 2023ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டுச் சொங்கெட் 2021ஆம் ஆண்டிலேயே அதில் இடம்பெற்றுவிட்டது.

அங்கெல்லாம் நார்த்துணியின் விலை அதிகம். அதன் பின்னால் இருக்கும் கையுழைப்பு எவ்வளவு என்பதை வாங்குபவர் அறிந்திருப்பதே காரணம். நம் நிலை வேறு. 2009-10ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 43 லட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர்கள், 2019-20ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 35 லட்சமாகக் குறைந்துவிட்டனர். அந்தக் கணக்கெடுப்பில் நெசவுக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக இருந்தது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

'பனானா சில்க்' என்ற பெயரில் விற்பவை எல்லாம் வாழைநார் ஆகிவிடாது. விஸ்கோஸ், பாலியஸ்டர் துணிகளுக்கும் இப்பெயர் ஒட்டப்படுவதுண்டு. கடைக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்: பாவு என்ன நூல், ஊடை என்ன நூல், எந்த ஊரில் நெய்தது? "முழுக்க முழுக்க வாழைநார்" என்று சொன்னால் இன்னும் விளக்கம் கேளுங்கள்.

சேலையின் உட்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உண்மையான நாரில் ஆங்காங்கே சிறு முடிச்சு தெரியும். இழையின் பருமனும் ஒரே சீராக இராது. அதைக் குறை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கைவேலையின் அடையாளமே அதுதான்.

ஏற்கெனவே வாங்கிய சேலையில் சந்தேகம் இருந்தால், முந்தானை ஓரத்தில் ஓர் ஊடை இழையை உருவி, தண்ணீர்த் தொட்டியின் மேல் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். உருகி மணியாக இறுகினால் அது செயற்கை இழை. தலைமுடி கருகும் வாடை வந்தால் பட்டு. தாள் எரியும் வாடை வந்தால் தாவர நாராகவோ விஸ்கோசாகவோ இருக்கலாம். இன்னோர் இழையை நனைத்து இழுங்கள். விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழந்து எளிதில் அறும்; வாழைநார் அப்படி அறாது.

இந்திய அரசின் 2006ஆம் ஆண்டுக் 'கைத்தறி முத்திரை', 2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் சென்னையில் அறிமுகமான 'இந்தியா ஹேண்ட்லூம்' முத்திரை ஆகியவையும் உதவும்.

வீட்டிலேயே முயன்று பார்க்கலாம்

பிள்ளைகளுக்கு விடுமுறைப் பயிற்சியாக இதைச் செய்யலாம். ஒரு பழைய படச் சட்டத்தின் மேலும் கீழும் அரை அங்குல இடைவெளியில் சிறு ஆணிகளை அடித்து, முறுக்கேறிய பருத்திக் கயிற்றை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டுங்கள். பாவு தயார். ஊடைக்குக் கிழித்த பழஞ்சேலை, சணல் கயிறு, தேங்காய்க் கயிறு, ஈரப்படுத்திய வாழைநார், கடையில் பொட்டலம் கட்டும் ராஃபியா கயிறு என்று ஒவ்வொன்றாகக் கோத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரியையும் சாப்பாட்டு முள்கரண்டியால் தட்டி நெருக்குங்கள். ஊடையை மிக இறுக்கி இழுத்தால் ஓரங்கள் உள்வாங்கும். சற்றே வளைத்து விட்டால் நேராக நிற்கும். ஓர் அடி நெய்வதற்குள் ஒரு சேலைக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

மேலும் அறிய விரும்புவோர் டத்தாரான் மெர்டேக்கா அருகில் உள்ள தேசிய ஜவுளி அருங்காட்சியகத்தில் சொங்கெட், புவா கும்பு நெசவுகளைப் பார்க்கலாம். நெசவை முறையாகப் படிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ரவாங்கில் தேசிய கைவினைக் கழகம் இருக்கிறது.

அடுத்த முறை பிரிக்பீல்ட்சிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ சேலை எடுக்கும்போது, விலையைக் கேட்கும் முன் துணியைத் தடவிப் பாருங்கள். நெய்த ஊரைக் கேளுங்கள். வாங்குபவர் ஊரைக் கேட்கத் தொடங்கினால், விற்பவரும் அதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியிருக்கும். முடிச்சுப் போட்டு நார் நீட்டிய கைக்கு உரிய கூலி சேர, நம்மால் செய்யக்கூடிய முதல் வேலை அதுவே.