புல் கிளறும் பொறி

மொழிபெயர்ப்புத் தாளில் அடிக்கடி இடம்பெறும் ஆங்கிலப் பழமொழி ஒன்றுண்டு. வெயில் அடிக்கும்போதே 'ஹே' தயாரித்துக்கொள் என்பது அதன் பொருள். மாணவர்கள் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று எழுதுவர்; நானும் முழு மதிப்பெண் வழங்கிவிடுவேன். கருத்து ஒன்றுதான், களம்தான் வேறு. நம் உழவன் பதரை நீக்கக் காற்றுக்குக் காத்திருக்கிறான். ஆங்கில உழவனோ அறுத்த புல்லை உலர்த்த வெயிலுக்கு ஏங்குகிறான். 'ஹே' என்பதை நாம் பெரும்பாலும் வைக்கோல் என்றே பெயர்த்து வருகிறோம். வைக்கோல் என்பது நெல்மணி உதிர்ந்தபின் எஞ்சும் தாள். 'ஹே' அதுவன்று. கால்நடைகளின் குளிர்கால உணவுக்கென்றே, சத்து வற்றுமுன் அறுத்து உலர்த்தப்படும் புல். இக்கட்டுரையில் அதனை உலர்புல் என்றே குறிக்கிறேன்.

உலர்த்துவதில் என்ன வரலாறு இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். அறுத்த புல்லில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். அது 20 பங்குக்குக் கீழே இறங்கினால்தான் போராக அடுக்க இயலும். ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சை பிடிப்பதோடு தீங்கு நின்றுவிடுவதில்லை. உள்ளே நுண்ணுயிர்கள் பெருகிச் சூடு உண்டாக்கும். அவையே மடியுமளவு சூடேறிய பின்னரும் வேதிவினைகள் அச்சூட்டை வளர்க்கும். சில வாரங்கள் கழித்து, ஒருவரும் நெருப்பிடாமலே போர் தீப்பற்றிக்கொள்ளும். அளவுமீறிக் காய்ந்தாலோ இலை நொறுங்கிக் காம்புதான் மிஞ்சும். இடையே மழை பெய்தால் சத்து கரைந்துபோகும். எனவே கிடைக்கின்ற மூன்று நான்கு நாள் வெயிலில் புல்லை உதறிப் பரப்பி, திருப்பிப் போட்டு, மாலையில் பனிக்கு அஞ்சிக் குவித்து, மறுநாள் மீண்டும் பரப்பியாக வேண்டும். நம் முற்றங்களில் புழுங்கல் நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவி விடுவார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். ஆனால் ஏக்கர் கணக்கில்.

இவ்வேலையைப் பெரிதும் செய்தவர்கள் பெண்கள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிம்பூர்க் சகோதரர்கள் ஒரு பிரெஞ்சுக் கோமகனுக்காகத் தீட்டிய பிரார்த்தனை நூலில் ஜூன் மாத ஓவியத்தைக் காண்க. பின்னணியில் பாரிஸ் நகரம். தொலைவில் மூன்று ஆடவர் நீண்ட பிடி கொண்ட அரிவாளால் புல்லறுக்கின்றனர். முன்னால் வெறுங்காலுடன் இரு பெண்கள் வாரியும் கவைக்கோலும் ஏந்தி உலர்புல்லைக் குவிக்கின்றனர். அறுப்பது ஆண், உலர்த்துவது பெண் என்னும் இப்பிரிவினை ஐரோப்பாவில் நெடுங்காலம் நீடித்தது.

பதினெட்டாம் நூற்றாண்டு இறுதியில் லண்டன் மாநகரம் குதிரைகளால் இயங்கிய ஊர். அக்குதிரைகளுக்குத் தீனி போட்டது அருகிலிருந்த மிடில்செக்ஸ் மாவட்டம். (இன்று நாடக அரங்குகளுக்குப் பெயர்பெற்ற ஹேமார்க்கெட் தெருவில் 1830 வரை உலர்புல் சந்தைதான் நடந்தது.) அம்மாவட்டத்தின் வேளாண்மை குறித்து ஜான் மிடில்டன் 1798-இல் வெளியிட்ட நூல், அறுப்பவர் ஒருவருக்கு உலர்த்துவோர் ஐவர் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. அந்த ஐவர் ஆண்களும் பெண்களுமாக இருந்தனர். எல்லாப் பண்ணைகளுக்கும் ஒரே வெயில் நாளில் இத்தனை கைகளும் தேவைப்படும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இக்கணக்கை மனத்திற் கொண்டால் ஒரு புதிர் விடுபடும். அறுவடை இயந்திரம் என்றதும் நாம் 1834-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கரான மக்கார்மிக்கையே நினைக்கிறோம். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1814-இல், உலர்புல் பொறிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார் ராபர்ட் சால்மன். ஷேக்ஸ்பியர் பிறந்த அதே ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்து, வோபர்னில் பெட்ஃபோர்டு கோமகனின் பண்ணையில் கட்டடக் கலைஞராகப் பணியாற்றியவர். இரு சக்கரங்களுக்கிடையே முட்கள் பொருத்திய உருளை. குதிரை இழுக்க, சக்கரத்தின் சுழற்சி பற்சக்கரம் வழியே உருளைக்குச் செல்லும். முட்கள் புல்லை வாரி மேலே வீசும். காற்றில் பிரிந்து புல் தரையில் விழும். அறுப்பதைவிட வீசுவது இயந்திரத்துக்கு எளிது என்பது ஒரு காரணம். மற்றொன்று, செலவு ஐவரிடத்தில் இருந்ததேயன்றி ஒருவரிடத்தில் இல்லை என்பது. இயந்திரம் முதலில் ஆணின் அரிவாளைத் தொடவில்லை, பெண்ணின் கவைக்கோலைத்தான் தொட்டது என்பது என் கருத்து.

1830-இல் தென் இங்கிலாந்துத் தொழிலாளர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தெறிந்தது எல்லா வரலாற்று நூல்களிலும் உண்டு. உலர்புல் பொறி அத்தகைய கலவரம் எதையும் கிளப்பவில்லை. கதிரடிப்பு குளிர்காலம் முழுவதும் சோறு போட்ட வேலை. புல்லுலர்த்தல் கோடையில் சில நாள் கூலி. அதுவும் பெண்களின் கூலி. இழப்பு சிறிதாகத் தோன்றியதால்தான் பதிவும் சிறிதாகிவிட்டது போலும்.

பின்வந்த மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860-களில் அமெரிக்காவில் புல்லார்டு என்பவர் பெயரால் ஒரு பொறி பரவியது (பெயரிலேயே 'புல்' இருப்பது தற்செயல்தான்). அதில் வளைதண்டில் இணைந்த கவைகள், கோழி குப்பையைக் கிளறுவது போலப் பின்னோக்கி உதைக்கும். 1960-களில் ஜெர்மனியின் ஃபார் நிறுவனம் டிராக்டரில் இணைக்கும் சுழல்வகைப் பொறியைக் கொண்டுவந்தது. படுக்கைவாட்டில் சுழலும் இணை இணையான வட்டங்களின் முனையில் வில்கம்பி விரல்கள். இன்றைய பொறிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. அகலமானவை பத்து மீட்டருக்கு மேல் விரியும், ஓட்டுநர் ஒருவர் போதும். ஆனாலும் இலை உதிராதிருக்க, பனியீரம் சற்றே எஞ்சியிருக்கும் காலைப்பொழுதில் ஓட்டுவது நல்லது என்பதைப் பொறி தானே அறியாது. குனிந்து ஒரு பிடி புல்லை எடுத்து முறுக்கிப் பார்க்கும் கை இன்றும் வேண்டியிருக்கிறது.