இரவல் வாங்கிய ஒலிகள்



வீட்டின் ஓர் அறையை இசைக்கூடமாக அமைத்துவரும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். "சேர், பழைய சாம்ப்ளர் ஒண்டு வாங்கப் போறன். எதைத் தெரிவு செய்யிறதெண்டு விளங்கேல்லை" என்றார். தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது என்று நீங்கள் எண்ணலாம். நானும் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் அக்கருவிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, அது நமக்கு மிகவும் பழக்கமான ஒரு வினாவிலே போய் நின்றது. பிறர் படைத்ததை எடுத்தாள்பவன் அவருக்குப் படும் கடன் யாது என்பதே அவ்வினா.

சாம்ப்ளர் என்பதை நாம் ஒலிமாதிரிக் கருவி எனலாம். வீணையைப் போலவோ மிருதங்கத்தைப் போலவோ அதற்கெனச் சொந்தக் குரல் இல்லை. வெளியே ஒலிக்கும் ஓர் ஓசையைச் சிறு துண்டாகப் பதிந்து, நாம் விரும்பும் சுருதியிலும் வேகத்திலும் திருப்பித் தருவதே அதன் தொழில். இரவல் ஒலியே அதன் முதல்.

இந்த எண்ணம் பிறந்ததில் வானொலிக்கும் பங்குண்டு என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1948ஆம் ஆண்டு பிரெஞ்சு வானொலியிற் பணியாற்றிய பியர் ஷேஃபர், புகையிரத ஓசைகளை இசைத்தட்டிற் பதிந்து, அவற்றை வெட்டியும் திருப்பியும் ஓர் இசையாக்கம் செய்து ஒலிபரப்பினார். 1963இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து மெலொட்ரோன் என்னும் கருவி வந்தது. அதன் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு துண்டு ஒலிநாடா இருந்தது. விசையை அழுத்தினால் ஏறக்குறைய எட்டுச் செக்கன்களுக்குப் புல்லாங்குழலோ வயலினோ ஒலிக்கும். பின்னர் நாடா முடிந்துவிடும். 1967இல் பீற்றில்ஸ் குழுவினரின் 'ஸ்ட்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபொரெவர்' பாடலின் தொடக்கத்தில் வரும் குழலோசை இக்கருவியினுடையதே.

ஒலியை எண்களாக மாற்றிச் சேமிக்கும் கருவி 1979இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரிற் பிறந்தது. பீற்றர் வோகல், கிம் றைறி என்ற இருவர் அதனை உருவாக்கினர். சிட்னித் துறைமுகத்தில் ஓடிய ஒரு பயணிகள் படகின் பெயரான 'ஃபெயார்லைற்' என்பதே அதற்கும் பெயராயிற்று. ஒரு வீட்டின் விலைக்கு ஈடாகப் பேசப்பட்ட அக்கருவியைச் செல்வம் படைத்த கலைஞர்களே வாங்க முடிந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 1910ஆம் ஆண்டு 'தீப்பறவை' இசையிலிருந்து எடுத்த ஒற்றை வாத்தியக்குழு முழக்கமும் அதனோடு வந்த ஒலிகளுள் ஒன்று. 1982இல் நியூயோர்க்கின் ஆஃப்ரிக்கா பம்பாட்டா அதனைத் தம் 'பிளானெற் றொக்' பாடலிற் பயன்படுத்தினார். ருஷ்ய நாட்டியத்துக்கென எழுந்த இசை, எழுபது ஆண்டுகள் கடந்து நியூயோர்க்கின் நடனத் தளங்களுக்கு வந்து சேர்ந்தது.

பின்னர் விலைகள் இறங்கின. 1985இல் என்சோனிக் நிறுவனத்தின் 'மிராஜ்' 2,000 டொலருக்கும் குறைவாகக் கிடைத்தது. 1986இல் யப்பானின் அக்காய் நிறுவனம் எஸ்900 கருவியையும், 1987இல் கலிபோர்னியாவின் ஈ-மியூ நிறுவனம் எஸ்பி-1200 கருவியையும் வெளியிட்டன. என் மாணவரின் குழப்பம் இவ்விரண்டுக்கும் 1988இல் வந்த அக்காய் எஸ்1000 கருவிக்கும் இடைப்பட்டதாகும்.

எஸ்பி-1200 கருவியின் மொத்த நினைவு பத்துச் செக்கன்கள். ஒரு துண்டு இரண்டரைச் செக்கனுக்கு மேற் செல்லலாகாது. இந்த வறுமையை நியூயோர்க்கின் ஏழை இளைஞர்கள் ஓர் உத்தியால் வென்றனர். நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுழலவேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓட்டிப் பதிந்தனர். பதிந்ததைப் பின்னர் கருவிக்குள்ளே வேகம் தணித்து மீட்டனர். இடம் மிச்சமாயிற்று. அதனோடு ஒலியிலே ஒரு கரகரப்பும் ஏறிற்று. குறையாக வந்த அக்கரகரப்பே நாளடைவில் ஓர் அழகாகக் கொள்ளப்பட்டது. ஏழு சீருக்குள் அடங்கவேண்டும் என்ற கட்டுப்பாடே குறளின் செறிவுக்குக் காரணமாவதை நாம் அறிவோம். பத்துச் செக்கன் என்ற வேலியும் அத்தகையதே.

எஸ்1000 இறுவட்டுக்கு நிகரான தெளிவுடன் ஒலியைப் பதிந்தது. அதன் நினைவையும் பெருக்கிக்கொள்ளலாம். 1990களில் இங்கிலாந்தின் இளைஞர்கள் இத்தகைய அக்காய் கருவிகளைக் கொண்டு 'ஜங்கிள்' என்ற வேகமான இசைவகையை வளர்த்தனர். அவ்விசையின் உயிர்நாடியாக அமைந்த மேளத்துண்டின் கதையைத்தான் நான் உங்களுக்குச் சிறப்பாகக் கூற விரும்புகிறேன்.

1969இல் வொஷிங்டனைச் சேர்ந்த 'த வின்ஸ்டன்ஸ்' குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. அதன் மறுபக்கத்தில் 'ஆமென், பிரதர்' என்ற பாடலற்ற இசை இடம்பெற்றது. அதன் நடுவே ஏனைய வாத்தியங்கள் ஓய, கிரெகரி கோல்மன் என்ற மேளக்கலைஞர் தனித்து வாசித்தார். நான்கே ஆவர்த்தனம், ஏறக்குறைய ஏழு செக்கன். அந்த ஏழு செக்கன்களை ஒலிமாதிரிக் கருவிகள் வெட்டி, அடுக்கி, விரைவுபடுத்தி ஆயிரக்கணக்கான பாடல்களுக்கு உயிராக்கின. 2006இல் கோல்மன் வறுமையில் இறந்தார். அந்த ஏழு செக்கன்களுக்காக அவருக்கு ஒரு சதமேனும் கிடைக்கவில்லை. 2015இல் இங்கிலாந்து இசையன்பர்கள் நிதி திரட்டி, குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண் வழங்கினர். கோல்மன் அதனைக் காணவில்லை.

உலகம் அந்தத் தாளத்தை 'ஆமென் பிரேக்' என்றே அழைக்கிறது. இதனை அறிந்தபோது எனக்குச் செம்புலப்பெயனீரார் நினைவுக்கு வந்தார். இயற்பெயர் மறைந்து, தாம் படைத்த உவமையே பெயராக நிற்கும் குறுந்தொகைப் புலவர் அவர். அப்புலவரின் பெயரைக் காலம் மறைத்தது. நாம் அதற்கு என் செய்வோம்? கோல்மனின் பெயரோ இசைத்துறையில் அறியப்பட்டதே. அறிந்தும் மறப்பது வேறு வகையான குற்றம்.

எடுத்தாளுதலே களவு என நான் கூறவில்லை. முதனூலும் வழிநூலும் உண்டெனத் தொல்காப்பியர் வகுத்தார். வழிநூலை அவர் இழிவாகக் கருதவில்லை. ஆனால் வழிநூல் தன் முதலை மறைப்பதில்லை. 1991இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று, பிஸ் மார்க்கி என்ற பாடகர் கில்பேர்ட் ஓசலிவனின் பாடலிலிருந்து அனுமதியின்றி ஒரு துண்டை எடுத்தமை தவறெனத் தீர்ப்பளித்தது. களவு செய்யாதே என்ற விவிலியக் கட்டளையுடன் அத்தீர்ப்பு தொடங்கியது. அதன்பின் ஒலித்துண்டுக்கு முன்அனுமதி பெறுவது தொழில்முறை வழக்கமாயிற்று. எனினும் அனுமதிப் பணம் பதிவுக்கும் பாடலுக்கும் உரிமையாளரானோருக்குச் செல்லுமேயன்றி, மேளம் தட்டிய கைகளை எட்டும் என்பதற்கு உறுதியில்லை.

என் மாணவருக்கு நான் கூறிய விடை இதுதான். தெளிவும் நீண்ட நினைவும் வேண்டுமாயின் எஸ்1000. கரகரப்பும் கட்டுப்பாடும் வேண்டுமாயின் எஸ்பி-1200. 2021இல் அதன் மறுபதிப்பும் வெளிவந்தது. இரண்டுக்கும் இடைநிற்பது எஸ்900. அதன் மிகவுயர்ந்த தரத்தில் ஏறக்குறைய 12 செக்கன்கள் பதியலாம். எதை வாங்கினாலும் முதலில் நெகிழ்தட்டு இயங்குகிறதா, திரை மங்கியிருக்கிறதா எனப் பார்க்கவேண்டும். இம்மூன்றும் 1983இல் அறிமுகமான மிடி இணைப்பு முறையைக் கொண்டவை. ஆகவே இன்றைய கணினியுடனும் இணங்கிப் பேசும்.

"எல்லாம் சரி சேர், முதலில என்னத்தைப் பதியலாம்?" என்று கேட்டார்.

"எதையும் பதியும். ஆனால் கருவிக்குப் பக்கத்தில ஒரு கொப்பி இருக்கட்டும். எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் நேரே, வாசிச்சவரின்ரை பெயரை எழுதி வையும்" என்றேன்.