பர்மா நோட்டு

2016 நவம்பரில் கவுண்டரில் உட்கார்ந்து பழைய 500 ரூபாய் நோட்டுகளை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த முதியவர் ஒருவர் படிவத்தை நீட்டிவிட்டு, “எனக்கு இது ரெண்டாவது தடவை தம்பி” என்றார். முதல் தடவை ரங்கூனில், 1964-ல். முகல் தெருவில் அவருடைய அப்பாவுக்குத் துணிக்கடை. மார்ச்சில் கடையை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பல் ஏறும்போது அம்மாவின் தோட்டையும் கழற்றிக்கொண்டார்களாம். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்ததால் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

பர்மாவைப் பற்றித் தமிழில் எனக்குப் படிக்கக் கிடைத்தவரை 1942-ன் கால்நடைப் பயணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. குண்டும் காடும் காலராவும் கதையாகின்றன. கெஸட்டில் வந்த ஓர் அறிவிப்பு கதையாவதில்லை. ஆனால் அந்த நாடு யுத்தத்தால் மட்டும் வீழ்ந்துவிடவில்லை. யுத்தத்துக்குப் பின், அறிவிப்புகளால் வீழ்ந்தது.

யுத்தத்துக்கு முன் ஆண்டுக்கு முப்பது லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. உலகத்தில் முதலிடம். அந்த ஐராவதி டெல்டாவைக் காடழித்து வயலாக்கியதில் நம் செட்டியார்களின் பணத்துக்குப் பெரும் பங்குண்டு. 1930 வாக்கில் பர்மாவில் அவர்களுடைய முதலீடு 75 கோடி ரூபாய் என்று அரசின் வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. நம்மவர்கள் பெருமையாகச் சொல்லும் இந்தக் கணக்குக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 1930-ல் நெல் விலை சரிந்தது. கடன் அடைக்க முடியாத குடியானவனின் நிலம் கைமாறியது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம் ஏழெட்டு வருஷங்களில் இருபத்தைந்து பங்காயிற்று. பின்னால் வந்த தேசியமயத்தில் வெறும் பைத்தியக்காரத்தனத்தை மட்டும் பார்ப்பவர்கள் இந்த எண்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1962-ல் நெ வின் வந்தார். 1963-ல் நாட்டிலிருந்த 24 வங்கிகளும் ஒரே நாளில் மக்கள் வங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்களாக மாறின. நெல்லுக்கு ஒரே வியாபாரி, அரசு. அது சொன்ன விலைக்கு விற்க இஷ்டமில்லாத விவசாயி தனக்கு வேண்டியதை மட்டும் பயிரிட்டான். அறுபதுகளின் முடிவில் ஏற்றுமதி பத்து லட்சம் டன்னைக்கூட எட்டவில்லை.

பௌத்தம் மனிதனைப் பொருள் தேடவிடாமல் செய்துவிடுகிறது என்று விளக்கம் சொல்லும் சமூகவியல் ஒன்று மேற்கிலிருந்து வந்து நம்மிடையேயும் பரவியிருக்கிறது. வேபரைப் படித்தவர்களைவிடப் படிக்காதவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். அவர்கள் ஒருமுறை கிழக்கே எல்லை தாண்டிப் பார்த்தால் போதும். தாய்லாந்திலும் அதே தேரவாதம், அதே பருவமழை, அதே நெல் டெல்டா, அதே ராணுவ ஜெனரல்கள். அங்கும் அரிசி ஏற்றுமதிமேல் தனி வரி விதித்து விவசாயியைக் கசக்கத்தான் செய்தார்கள். ஆனால் அவன் மரவள்ளிக்கும் சோளத்துக்கும் மாறிக்கொள்ள முடிந்தது, வாங்கச் சீன வியாபாரி இருந்தான். அந்த வியாபாரியை ஜெனரல்கள் விரட்டவில்லை. அவனுடைய கம்பெனிகளில் டைரக்டர்களாக உட்கார்ந்துகொண்டார்கள். இது யோக்கியதை அல்ல, சுத்தமான ஊழல். ஆனாலும் கடை திறந்திருந்தது. வியட்நாம் யுத்தத்தால் அமெரிக்கப் பணம் வந்து கொட்டியதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கவேண்டும்.

இதோடு இன்னொன்று: மத்திய வங்கியில் பூய் உங்பாகோர்ன் 1959 முதல் 1971 வரை கவர்னராக இருந்தார். சர்வாதிகாரிகள் மாறினார்கள், அவர் மாறவில்லை. 1976 அக்டோபரில் தம்மசாட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கொன்றபோது அதன் ரெக்டராக இருந்த அவரே நாட்டைவிட்டு ஓடவேண்டியதாயிற்று. ஆகவே தாய்லாந்தை லட்சிய பூமியாக்க எனக்கு விருப்பமில்லை. 1997 ஜூலையில் அவர்களுடைய பாட்டும் சரிந்தது. டாலருக்கு 25 என்றிருந்தது ஆறு மாதத்தில் 50-ஐத் தாண்டியது. கம்பெனிகள் மூழ்கின, கட்டடங்கள் எலும்புக்கூடுகளாக நின்றன. ஆனால் ஒருவன் பையிலிருந்த நோட்டு மறுநாள் காலையில் வெறும் காகிதமாகவில்லை. சர்வதேச நிதியத்திடம் வாங்கிய கடனைத் தவணைக்கு முன்பே, 2003-ல், அடைத்துவிட்டார்கள்.

பர்மாவில் காகிதமாயிற்று, அதுவும் மூன்று முறை. 1985-ல் பெரிய நோட்டுகளை ஒழித்துவிட்டு 75 கியாட் நோட்டு அச்சடித்தார்கள். அது நெ வின்னின் எழுபத்தைந்தாவது வயது. மறுவருஷம் 15-ம் 35-ம் வந்தன. 1987 செப்டம்பரில் 25, 35, 75 மூன்றும் செல்லாது என்றார்கள். இம்முறை மாற்றித் தரவும் இல்லை. புழக்கத்திலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் போயிற்று. பதிலுக்கு வந்தவை 45-ம் 90-ம்: ஒன்பதால் வகுபடும், இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பது. ஒன்பது அவருடைய ராசி எண். 45-ஐயும் 90-ஐயும் வைத்துக்கொண்டு சில்லறை கொடுக்கவேண்டிய ஒரு கேஷியரை நான் அடிக்கடி நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவ்வருஷ டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை பர்மாவை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சபைக்குப் பத்து வருஷம் பொதுச்செயலாளராயிருந்த ஊ தாண்ட் பிறந்த நாடு.

எண்ணைப் பிடித்துவைத்தால் வஸ்துவும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை அதற்குப் பிறகும் போகவில்லை. 2012 வரை டாலருக்கு ஆறு கியாட் என்பதே அரசாங்கக் கணக்கு, தெருவில் எண்ணூறு. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்ததும் ரங்கூனில் ஏடிஎம்களின் முன் விடியற்காலை வரிசை நின்றது. அதை வீடியோவில் பார்த்தபோது முகங்களை நான் ஏற்கெனவே பார்த்திருப்பதாகத் தோன்றியது.

நாங்கள் மாற்றிக் கொடுத்தோம் என்பது வாஸ்தவம். அந்த அளவுக்கு வித்தியாசம் பெரிதுதான். அன்றைய வரம்பு 4000 ரூபாய். முதியவருக்கு நான் கொடுத்தது இரண்டு புது 2000 ரூபாய் நோட்டுகள். ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 2023 மே மாதம் ரிசர்வ் வங்கி அந்த நோட்டையும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது நான் வேறு கிளைக்கு வந்துவிட்டிருந்தேன்.