நீலப் புகையின் பூர்வ கதை

எஞ்சின் ஒன்று புகை தள்ளும்போது, புகை கறுப்பானால் பெட்ரோல் மிகுதி, வெளுத்துக் கலையாமல் தொடர்ந்தால் குளிர்விக்கும் நீரின் கசிவு, நீலமானால் எஞ்சின் ஆயிலே எரிகிறது என்று வர்ணத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் பட்டறைகளில் வெகுகாலமாக இருந்து வருகிறது. வர்ணமோ எது எரிகிறது என்பதை மட்டுமே அறிவிக்கும். அது எந்த வழியாக உள்ளே நுழைந்தது என்பதைப் புகை தோன்றும் வேளைதான் அறிவிக்கும். மணல் மேட்டிலும் சேற்றிலும் காட்டுத் தடத்திலும் ஓடுவதற்கென்றே தோன்றிய ஏ.டி.வி. என்னும் சிறு வாகனத்தின் சரித்திரத்தைப் பின்தொடர்ந்தால் இந்த வேற்றுமை நன்கு விளங்கும்.

கதையின் மூலம் நீராவி யுகத்தில் இருக்கிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே உள்ள சந்தைச் சணற்கயிறு திணித்து அடைத்துக்கொண்டிருந்த அந்நாளில், இங்கிலாந்தின் லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் ரயில்வேயில் பணியாற்றிய ஜான் ராம்ஸ்பாட்டம் என்னும் பொறியாளர், ஓரிடத்தில் வெட்டுள்ளதும், தன் விரியும் சுபாவத்தினாலேயே சுவரை அழுத்தி நிற்பதுமான உலோக வளையத்தை 1850களின் தொடக்கத்தில் உருவாக்கினார். இன்று நாம் பிஸ்டன் ரிங் என்று சொல்வது அதன் வம்சமே. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் சாதாரணமாக மேலிரண்டு ரிங்குகள் வாயுவைக் காக்க, கீழுள்ள மூன்றாவது ரிங், சுவரில் தெறிக்கும் ஆயிலை வழித்துக் கீழே அனுப்புகிறது.

ஆயில் எரிவது என்றுமே ரோகமாகக் கருதப்பட்டதென்று எண்ணவேண்டாம். முதல் உலக யுத்தகாலத்து ஆகாய விமானங்களில் பிரசித்தி பெற்றிருந்த, ஸெகன் சகோதரர்களின் நோம் எஞ்சினில், பெட்ரோல் கலவை கிராங்க் கேஸ் வழியாகவே சென்றபடியால், பெட்ரோலில் எளிதில் கரையாத ஆமணக்கெண்ணெயை ஊற்றினார்கள். அந்த எண்ணெய் திரும்பி வராமல் புகையாக வெளியேறியது. பின்னால் உட்கார்ந்திருந்த விமானி அதைச் சுவாசித்து, ஆமணக்கெண்ணெய்க்குரிய பலனையும் அனுபவித்தான். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களும் இந்த மரபைச் சேர்ந்தவையே. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125, இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பாண்டமாகவும், 1955இல் ஜப்பானில் யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளாகவும் மறுபிறவி எடுத்தபோது, பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து எரிப்பதென்பது பாதி உலகின் நித்திய வழக்கமாயிற்று.

ஹோண்டா ஸ்தாபனத்தின் போக்கு வேறு. அதன் பேர்போன சூப்பர் கப் 1958இலேயே நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு பிறந்தது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் வியாபாரம் மந்தமாகிவிடுகிறதே, அப்போதும் விற்கத்தக்கதாக ஏதேனும் கொடுங்கள் என்று அமெரிக்க விற்பனையாளர்கள் 1960களின் பிற்பகுதியில் கேட்டதன் பேரில், ஒஸாமு தகேயுச்சி என்னும் பொறியாளர் காற்றழுத்தம் மிகக் குறைந்த மூன்று பலூன் டயர்களின் மேல் 89 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை ஏற்றி ஒரு வண்டியைச் செய்தார். 1970இல் யு.எஸ். 90 என்ற பெயரோடு வெளிவந்து, விரைவில் ஏ.டி.சி. 90 என்று பெயர் மாறியது அதுவே. பிற்பாடு பந்தய மோகம் எழுந்தபோது ஹோண்டாவே 1981இல் ஏ.டி.சி. 250 ஆர் என்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டியை விற்றது. 1987இல் யமஹா பான்ஷி வந்தது. மூன்று சக்கர வண்டிகள் எளிதில் கவிழ்ந்ததனால் விளைந்த விபத்துகளும், அதன் பயனாக 1988இல் உற்பத்தியாளர்கள் அமெரிக்க அரசாங்கத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அவற்றின் விற்பனை அங்கே நின்றதும் தனிக் கதை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2002இல் வகுத்து, 2006ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமலாக்கத் தொடங்கிய விதிகளால் இரண்டு ஸ்ட்ரோக் ஏ.டி.வி. அங்கே மறையத் தொடங்கிற்று. அதுவரை இயல்பென்று பொறுக்கப்பட்ட நீலப் புகை, அதன் பின் ஏறக்குறைய எப்போதுமே நோயின் லட்சணமாகிவிட்டது.

அந்த நோய்க்கு முதற்காரணம் பெரும்பாலும் தூசிதான். தார் ரோட்டில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒரு வருஷத்தில் காணும் புழுதியை, முன்னே போகும் வண்டிக்குப் பின்னால் மணற்காட்டில் ஓடும் ஏ.டி.வி. ஒரு நாளிலேயே கண்டுவிடக்கூடும். ஆயிலில் நனைத்த ஃபோம் ஏர் ஃபில்டர் கிழிந்தோ, ஓரத்தில் சரியாகப் படியாமலோ இருந்தால், உட்செல்லும் மணற்பொடி உப்புத்தாள்போல் ரிங்குகளையும் சிலிண்டரையும் தேய்த்து, ஆயில் மேலேறுவதற்கு வழி திறந்துவிடுகிறது.

வேளையைப் பார்க்கும் வித்தை இங்கேதான் பயன்படுகிறது. இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு குப்பென்று நீலப் புகை விட்டுப் பின்பு தெளிந்தால், வால்வு சீல் வழியாக ஆயில் சொட்டித் தேங்கியிருக்கிறது. சரிவில் ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கிவிட்டு மறுபடி திறக்கும் கணத்தில் புகைந்தாலும், மூடிய த்ராட்டிலின் பின்னே எழும் வெற்றிடம் வால்வு வழியே ஆயிலை உறிஞ்சியதென்றே சந்தேகிக்க வேண்டும். மேடேறிப் பாரம் இழுக்கையில் விடாமல் புகைந்தால் ரிங்கைத்தான் குற்றம் சொல்லவேண்டும். இவையன்றி, வியாதியே இல்லாமல் வரும் புகையும் உண்டு. பல ஏ.டி.வி.க்களில் ஆயில் தனித் தொட்டியில் இருப்பதனால், எஞ்சினைச் சற்று ஓடவிட்டுப் பாராமல், நெடுநேரம் நின்ற வண்டியில் அளவுகோலை விட்டுப் பார்ப்பவர் ஆயில் குறைந்திருப்பதாக மயங்கி மேலும் ஊற்றிவிடுகிறார். மிகுந்த ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் பாக்ஸில் ஏறி எரிகிறது. வண்டி கவிழ்ந்து கிடந்து எழுந்தபோதும் இதே காட்சிதான். இத்தகைய வண்டிகளில் எஞ்சினைப் பிரித்துப் போட்டு, ரீபோர் செய்து, பணத்தை விரயமாக்கியவர்கள் அநேகர்.

கம்ப்ரஷன் கேஜ் ஒன்றையே நம்பி முடிவு செய்வதும் விவேகமன்று. உதைத்தோ செல்ஃப் போட்டோ எஞ்சினைச் சுழற்றுவது எளிதாகும் பொருட்டுப் பல எஞ்சின்களில் கேம் ஷாஃப்டிலேயே டிகம்ப்ரஸர் அமைத்திருப்பதால், நல்ல எஞ்சினும் அதில் குறைவாகக் காட்டும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் மேல்நிலையில் நிறுத்தி, பிளக் துவாரத்தின் வழியே காற்றைச் செலுத்திப் பார்ப்பதே சிலாக்கியம். ஆயில் ஊற்றும் வாயில் காற்று சீறினால் ரிங், சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட். எங்கும் சீறாமல், பிரீதரிலும் ஆயில் வழியாமல், காலைப் புகை மாத்திரம் நிற்கவில்லையென்றால், ஹெட்டைக் கழற்றி வால்வு கைடையும் சீலையும் பார்த்தால் போதும்; சிலிண்டரைத் தொடவே வேண்டியதில்லை.