திருக்கோவலூர் வீரட்டானம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருக்கோவிலூரில், தென்பெண்ணையின் தென்கரையை ஒட்டிய கீழையூரில் உள்ள பழைய சிவன் கோயில். மூலவர் வீரட்டேஸ்வரர். சிவன் வீரம் காட்டியதாகச் சொல்லப்படும் எட்டு வீரட்டத் தலங்களில் அந்தகாசுரனை வதைத்த தலம் இது. அப்பரும் சம்பந்தரும் பாடியிருப்பதால் 7ஆம் நூற்றாண்டிலேயே இது பேர்பெற்ற தலம். ஊரோ இன்னும் பழையது. சங்கப் பாடல்களில் வரும் கோவல் இதுதான். கபிலர் பாடிய மலையமான் திருமுடிக்காரியின் தலைநகர்.

வரலாற்று ஆய்வாளர்கள் இங்கே வருவது கல்வெட்டுகளுக்காக. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று பாட்டாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. இராசராசனின் தாய் வானவன் மாதேவி பிறந்தது மலையமான் குலத்தில். கணவர் சுந்தர சோழர் இறந்தபோது, பால்குடி மறவாத பிள்ளையையும் விட்டுவிட்டு அவர் தீப்புகுந்தார் என்கிறது அந்தப் பாட்டு. அடுத்து அது பெண்ணையாற்றுக்குத் திரும்பி, பாரியின் மகளை மலையமான் குலத்தில் மணமுடித்துக் கொடுத்துவிட்டுக் கபிலர் எரிபுகுந்த கல் இது என்று ஒரு பாறையையும் காட்டுகிறது.

சிக்கல் இங்கேதான். புறநானூற்று அடிக்குறிப்பின்படி கபிலர் பாரி மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்தார். அதாவது உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். தீயும் இல்லை, மலையமான் வீட்டுச் சம்பந்தமும் இல்லை. பிற்காலக் கதைகளோ பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் வைத்து, திருமணப் பொறுப்பை ஔவையாரிடம் கொடுத்துவிட்டன. பேரரசனின் தாய்வீட்டுப் பெருமையைச் சொல்ல வந்த கல்வெட்டு பாரி மகளையும் அந்த வீட்டு மருமகளாக்கிக்கொண்டதில் வியப்பில்லை. கல்லில் வெட்டியதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது. ஆனால் கபிலர் கதை சோழர் காலத்தில் இந்த ஊரோடு ஒட்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆற்றில் சிறு கோயிலோடு நிற்கும் அந்தப் பாறை இன்றும் கபிலர் குன்றுதான்.

சேக்கிழார் பாடிய மெய்ப்பொருள் நாயனாரும் இவ்வூர் அரசர். அடியார் வேடத்தில் வந்து குத்திய முத்தநாதனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்னவர். இக்கோயிலில் உள்ள பெரிய யானைக் கணபதி, அகவல் பாடிய ஔவையைத் தும்பிக்கையால் தூக்கிக் கயிலையில் சேர்த்தார் என்பதும் ஊர்க்கதை. முதலாழ்வார் மூவரும் மழை இரவில் இடைகழியில் சந்தித்த கதைக்கு உரியது, இதே ஊரின் உலகளந்த பெருமாள் கோயில்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' மலையமானை மறுபடியும் நாடறிந்தவராக்கியது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனை எச்சரிக்கும் கிழட்டுப் பாட்டனாராக, சோழர் காலத்து மலையமான் அதில் வருகிறார். 2022இல் வெளிவந்த மணிரத்னத்தின் படத்தில் அந்த வேடம் நடிகர் லாலுக்கு.

பதினாறு வயது வேங்கடராமன் வந்துபோனது 1896 ஆகஸ்ட் கடைசியில். எதிர்க்கரையில் உள்ள அரகண்டநல்லூர்க் கோயிலில் சோறு கிடைக்காமல் கீழையூருக்கு நடந்து வந்தபோது, இந்தக் கோயிலின் மேளக்காரர்தான் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் ஊரில் ஒரு வீட்டில் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, திருவண்ணாமலைக்கு ரயில் ஏறினார் அந்தப் பையன். பிற்காலத்தில் அவர் ரமண மகரிஷி.