விருந்துக் கிண்ணத்தின் வரலாறு

நூற்றாண்டு மலர்களில் அதிபர்களின் பெயர்களும் கட்டடங்கள் திறக்கப்பட்ட ஆண்டுகளும் தவறாது இடம்பெறும். விருந்தினருக்கு என்ன பரிமாறினோம் என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை. ஆயினும், பரிசளிப்பு விழா விருந்திலும் எமது வீடுகளிலும் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்த குளிர்ந்த புறூட் சலட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது யாழ்ப்பாணத்தின் வரலாறும்தான்.

மா, பலா, வாழை எமது மண்ணுக்குப் பழையவை. அன்னாசியும் பப்பாசியும் ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னர் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பழத்தைப் பழமாகவே உண்டு வந்த எமக்கு, அதன்மேல் கஸ்ரட் ஊற்றும் பழக்கம் ஆங்கிலேயரிடமிருந்து கிடைத்தது. 1837இல் பேர்மிங்காமில் அல்பிரட் பேர்ட் என்ற மருந்து வணிகர், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காகச் சோளமாவில் கஸ்ரட் செய்தார். 1856இல் அமெரிக்கரான கெயில் போர்டன் பாலைச் சுண்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முட்டை கலவாத கஸ்ரட் மா சைவ வீடுகளுக்கும் ஏற்றதாயிற்று. ரின்பாலோ வெயிலிலும் கெடாதிருந்தது.

மனையியல் வகுப்பில் இதற்கு இரண்டு விதிகள் கற்றோம். வெட்டிய வாழைப்பழம் கறுக்காதிருக்கத் தேசிக்காய்ச் சாறு தெளிக்க வேண்டும். அன்னாசியைச் சீனிப்பாகில் ஒரு கொதி விட்டு ஆறிய பின்பே சேர்க்க வேண்டும். இரண்டாவதன் காரணம் மருத்துவக் கல்லூரியில்தான் எனக்குத் தெளிவாயிற்று: பச்சை அன்னாசியிலுள்ள புரோமலின் என்ற நொதியம் பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும்; சூடு அதை அழித்துவிடும்.

1990இல் மீண்டும் போர் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஜாம்போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டி புத்தக அலுமாரியானது. பொருளாதாரத் தடையால் ரின்பால் அரிதாயிற்று. ஆனாலும், கிளாலிக் கடலைக் கடந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த உறவினருக்கு வெறும் தேநீர் கொடுத்தனுப்ப அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆட்டுப்பாலில் சோளமா கரைத்துக் காய்ச்சி, கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கதலி வாழைப்பழமும் வெட்டிப் போடுவார். பாத்திரத்தை ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் இறக்கி, ஈரத்துணியால் மூடுவார். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். பல் கூசும் குளிர் அதில் இராது; தொண்டைக்கு இதமாக இருக்கும். கெட்டுவிடும் என்பதால் அப்போதே பரிமாறுவார். முதற்கிண்ணம் வந்தவருக்கு, மிஞ்சினால்தான் எங்களுக்கு.

2002இல் ஏ9 வீதி திறந்தபின் ரின்பாலும் அப்பிளும் தாராளமாக வந்தன. இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் எம்மவர் இதைச் செய்கிறார்கள். மருத்துவராக ஒன்று மட்டும் சொல்வேன்: நீரிழிவு எம்மிடையே மலிந்துள்ளதால் பழத்தைக் கூட்டி ரின்பாலைக் குறையுங்கள், கஸ்ரட் கலந்ததை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

பழைய மாணவியாக ஒரு வேண்டுகோளும் உண்டு. விடுதியிலும் மனையியல் கூடத்திலும் இதைச் செய்து பழகிய எமது மூத்த சகோதரிகள் பலர் எண்பதைக் கடந்துவிட்டார்கள். எந்தப் பாலில் செய்தார்கள், எதில் குளிரவைத்தார்கள், யார் வந்தபோது செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்களிடம் கேட்காவிட்டால் இனி எந்த ஏட்டிலும் அது கிடைக்காது.